நாற்பத்தாறு பக்கமும் ஒரு வரியும்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தாழ்வாரத்தில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றுகூடத் தெரியாதவள் அப்புறம் என்ன சரிபார்ப்பு அதிகாரி? வயது ஐம்பத்து மூன்று. நடுவில் ஒரு மூன்று வருடம் நீங்கலாக, முப்பது வருடமாக ஒரே வேலை. சுகாதாரத் துறையின் கீழ் இருந்த பதினொரு பிரசவ ஆஸ்பத்திரிகளும் மாதாமாதம் அனுப்பும் எண்ணிக்கைகள் உண்மைதானா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது.

கல்யாணம் கூடிவரவில்லை. ஒரே ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முடியும் நிலையில் இருந்தது. மாப்பிள்ளை தனக்கு முப்பத்திரண்டு வயது என்றாராம். இவள் அவர் பள்ளி முடித்த வருடத்தைக் கேட்டு, மனதுக்குள் கூட்டிக் கழித்து, "அப்ப முப்பத்தாறு வரணுமே" என்றாளாம். பேச்சு அத்தோடு நின்றது. இதை அவளுடைய அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், இவளும் கூடவே சிரிப்பாள். அண்ணன் வீட்டு மாடியறைதான் அவள் வீடு. அண்ணன் மகள் சிட்டுவை இடுப்பில் வைத்து வளர்த்ததே இவள்தான்.

அவள் வேலை செய்யும் அழகைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு பிரசவம் என்று ஓர் ஆஸ்பத்திரி எழுதி அனுப்பியிருக்கும். இவள் போய் உட்கார்ந்து, பிரசவப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே மர ஸ்கேலை வைத்து நகர்த்தி எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக வந்தாலும் விடமாட்டாள். சலவைக்குப் போன குழந்தைத் துண்டுகளின் நோட்டைக் கேட்பாள். அதையும் எண்ணிவிட்டு மருந்துக் கிடங்கு நோட்டைக் கேட்பாள். ஒரு நோட்டு பொய் சொல்லலாம், மூன்று நோட்டும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லாது என்பது அவள் கட்சி. ஆஸ்பத்திரி குமாஸ்தாக்கள் அவள் வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்தாலே பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

வண்டி என்றால் துறையின் வெள்ளை வேன். அதன் டிரைவர் ஒன்பது வருடமாக அவளோடு அலைகிறவன். அவள் உள்ளே எண்ணிக்கொண்டிருக்கும்போது அவன் வெளியே கண்ணாடி துடைப்பான், அவள் திரும்பி வந்ததும் முகத்தைப் பார்த்தே "இன்னைக்கு எத்தனை இடிக்குதுக்கா?" என்று கேட்பான். எட்டு வருடம் குழந்தை இல்லாமல் இருந்து, இந்த வருடம்தான் அவன் மனைவி உண்டாகியிருந்தாள். பதினொரு ஆஸ்பத்திரியையும் சுற்றிப் பார்க்கும் இந்த முறை ஆய்வு தொடங்கியபோது ஐந்தாம் மாதம். குழந்தை உதைத்தது, விக்கியது, புரண்டது என்று தினமும் ஒரு செய்தி வைத்திருப்பான். வேனின் முன்சீட்டுக்கு ஒரு பஞ்சு மெத்தைகூட வாங்கிப் போட்டான், மனைவிக்குக் குலுங்கக் கூடாதாம். துறை வண்டியில் மனைவியை ஏற்றக் கூடாது என்று எல்லோருக்கும் சட்டம் பேசும் பூதக்கண்ணாடி, அந்த மெத்தையைக் கண்டும் காணாமல் இருந்தாள்.

ஏழாம் நம்பர் ஆஸ்பத்திரிக்கு அவள் போனது ஆய்வின் ஐந்தாவது வாரம். அந்த ஆஸ்பத்திரிதான் துறையின் செல்லப்பிள்ளை. தலைமை அலுவலக வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை உண்டு. பதினொரு ஆஸ்பத்திரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். பிறந்த குழந்தைகளுக்கு வரும் கிருமித்தொற்று என்ற கட்டத்தில் ஏழாம் நம்பர் மட்டும் பதினான்கு மாதமாகப் பூஜ்ஜியம். பச்சையிலும் பச்சை. முதலிடத்துக்குத் தரும் சுழற்கோப்பை இரண்டு வருடமாகச் சுழலாமல் அங்கேயே இருந்தது.

தொற்றுப் பதிவேட்டைக் கேட்டாள். தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். கடைசியாக எழுதியிருந்தது பதினான்கு மாதத்துக்கு முன்னால். அதை எழுதி வந்த மூத்த நர்ஸ் ஓய்வுபெற்றுப் போயிருக்கிறார். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. கணினியில் பதியும் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எழுதாததை நான் எப்படி மேடம் போடறது? காலியாத்தான் விட்டேன். வேணும்னா பாருங்க" என்றான் அவன்.

பார்த்தாள். காலியாகத்தான் விட்டிருந்தான். காலிக் கட்டத்தைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டது தலைமை அலுவலகக் கணினி. பூஜ்ஜியத்துக்குப் பச்சை அடித்ததும் அதுவே. இதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான், திட்டுவதற்கு ஓர் ஆள்கூடக் கிடையாது.

வழக்கம்போல மருந்துக் கிடங்குக்குப் போனாள். பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி ஏறினால் போடும் ஊசி மருந்து ஒன்று உண்டு. பழைய பக்கங்களில் மாதத்துக்கு இருபது குப்பி, இருபத்தைந்து குப்பி என்று போயிருந்தது. ஏழெட்டு மாதமாக நூறு, நூற்றிருபது, நூற்று முப்பத்தெட்டு. "வந்து இறங்கறதுக்குள்ள தீந்துடுது மேடம், நானும் எழுதி எழுதிக் கேக்கறேன்" என்றார் மருந்தாளுநர். அவள் ஸ்கேலை வைத்து இன்னொரு முறை எண்ணினாள். அதே கணக்குதான் வந்தது.

வேனில் ஏறியதும் டிரைவர் கேட்டான். "என்னக்கா, ஏழாம் நம்பர் எப்பவும் போல ஃபர்ஸ்ட்டா?"

"ஆய்வு முடியட்டும்ப்பா. மேல சொல்றதுக்கு முன்னாடி வெளியில பேசக் கூடாது."

"சரி சரி, ரகசியம்" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான். அது விதிதான். ஆய்வு முடிவுகள் தலைமைக்குப் போய்ச் சேரும் முன் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அந்த விதி சாயங்காலம் ஆறு மணி வரை தாங்கியது. வீட்டில் சமையலறை வாசலில் எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்து சிட்டு ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிட்டு, ஏழாம் நம்பர் வேண்டாம்."

"ஏன் அத்தை? அதான் எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்னு சொல்றாங்களே."

"வேண்டாம்னா வேண்டாம். அங்க குழந்தைங்களுக்கு நோய் ஒட்டுது."

இவ்வளவுதான் சொன்னாள். சிட்டு கேள்வி கேட்கவில்லை. அத்தை எண்ணாமல் எதுவும் சொல்லமாட்டாள் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் நாலாம் நம்பரில் சுகப்பிரசவம். பேரன்.

இனி அறிக்கைக்கு வருவோம். அவள் எழுதிய முதல் வரி இது: "ஏழாம் எண் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குக் கிருமித்தொற்று பரவுகிறது, பதினான்கு மாதங்களாக அது நம் கணக்கில் பூஜ்ஜியமாகத் தெரிகிறது." அந்த வரியைத் தன் மேலதிகாரியான துணை இயக்குநரிடம் கொண்டுபோனாள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பஞ்சு. எந்தச் செய்தியையும் பஞ்சில் பொதிந்து, யாருக்கும் வலிக்காமல், யாருக்கும் புரியாமல் மேலே அனுப்பிவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பஞ்சு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நோய் இருக்குனு நாம எப்படிம்மா சொல்ல முடியும்? நாம டாக்டரா? கட்டம் காலியா இருக்கா, ரொம்பியிருக்கான்னு சொல்றதுதானே நம்ம வேலை?"

"மருந்து நோட்டு சொல்லுது சார்."

"மருந்து நோட்டு நம்ம ஆய்வு எல்லையிலயே இல்லை. அதை எதுக்குப் பார்த்தீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" கொஞ்சம் யோசித்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கீழ அந்த ரெக்கார்டு ரூம் தூசி உங்களுக்கு இன்னும் மறந்திருக்காதே."

மறக்கவில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன்பு, முந்தைய இயக்குநர் காலத்தில், ஒரு கூட்டத்தில் எழுந்து, "பிறந்த குழந்தைங்களை விட ஊசி போட்ட குழந்தைங்க அதிகமா இருக்கு சார்" என்று போட்டு உடைத்தவள் அவள். கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்துவிட, இயக்குநரின் முகம் கறுத்தது. மறுவாரமே கட்டடத்தின் அடித்தளத்தில் பழைய பதிவேட்டு அறைக்கு மாற்றல். மூன்று வருடம் ஜன்னல் இல்லாத அறையில் கரையான் அரித்த கட்டுகளைப் பிரித்து அடுக்கினாள். அங்கே வந்த இளைப்பு இன்னும் போகவில்லை. அதைவிடப் பெரிய நோய், பேச எழும்போதே தொண்டை அடைத்துக்கொள்வது. அதற்கு மருந்து இல்லை.

ஆகவே அந்த வரி இடம் மாறியது. நாற்பத்தாறு பக்க அறிக்கையில் முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போய், ஒரு அட்டவணைக்குக் கீழே, "சில நிலையங்களில் தொற்றுப் பதிவேட்டின் முழுமைநிலையில் மேம்பாட்டுக்கான வாய்ப்பு காணப்படுகிறது" என்று ஆனது. பூசி மெழுகுவதிலும் ஒரு கைத்திறன் இருக்கிறது, மறுக்க முடியாது. செத்துக்கொண்டிருக்கும் குழந்தைகள் இந்த வாக்கியத்துக்குள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால், பெற்ற தாய்க்கும் அகப்பட மாட்டார்கள்.

எழுத்தில் போனால் போகட்டும், இயக்குநர் முன்னால் அறிக்கையை வைக்கும் கூட்டத்தில் வாயால் சொல்லிவிடலாம் என்று பூதக்கண்ணாடி தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

கூட்டத்தில் அவளுக்கு ஒதுக்கியது பதினொரு நிமிடம். இயக்குநரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். பிரசவ டாக்டராக இருந்து மேலே வந்த அம்மாள், இயக்குநராகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் முன்னால் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்தாலே பாதிப் பேருக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். திரைக்கு ஒயர் பொருந்தாமல் நான்கு நிமிடம் போனது. மிச்சம் ஏழு.

அந்த ஏழில் ஐந்து நிமிடத்தை அவளே தின்றாள். எப்படி எண்ணினோம், எத்தனை பதிவேடு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எதை எதோடு ஒப்பிட்டோம் என்று ஆரம்பித்தாள். எண்ணுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. எண்ணிய விதத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வது அவர்களுக்குத் துணி உடுத்தாமல் வெளியே போகிற மாதிரி. கேட்கிறவர்களோ முடிவு வரட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, அது வரும்போது காது மூடிப்போயிருப்பார்கள். கடைசியில் சராசரி வந்தது: பதினொரு ஆஸ்பத்திரியும் சேர்த்து, எண்ணிக்கைகளின் தரம் தொண்ணூற்றொன்று சதவீதம்.

"தொண்ணூத்தொண்ணா?" என்றார் பெரிய டாக்டர். "என் பையன் ஒரு தடவைகூட இவ்வளவு மார்க் வாங்கினதில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சு கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து இவளை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"வேற ஏதாவது நான் முக்கியமா தெரிஞ்சுக்கணுமா?"

கேட்டார். சத்தியமாகக் கேட்டார். அறையில் பதினான்கு பேர் இருந்தார்கள், அத்தனை பேர் காதிலும் விழுந்தது. குளியலறையிலும் பஸ் நிறுத்தத்திலும் சொல்லிப் பழகிய அந்த வரி அவள் தொண்டை வரை வந்தது. பஞ்சு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவளுக்கு மூச்சு இளைத்தது. தூசி வாடைகூட அடித்தது.

"விவரம் முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு மேடம்" என்றாள்.

"படிச்சுடறேன். அடுத்தது?" என்றார் பெரிய டாக்டர். தலைக்கு மேல் வேலை இருக்கிறவர்கள் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படிப்பதில்லை. இவள் வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அடுத்த வாரம் வரவேற்பறைச் சுவரில் புது அட்டவணை வந்தது. ஏழாம் நம்பர் அதே பச்சை, அதே பூஜ்ஜியம். கீழே இந்த முறை புதிதாக நீல முத்திரை ஒன்று இருந்தது: சரிபார்க்கப்பட்டது. முத்திரைக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து. ஆய்வு இல்லாமலே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வெறும் பச்சைக்கு இவள் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மாதிரி ஆயிற்று.

இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதமும் அவள் வரவேற்பறை வழியாக வராமல் பக்கத்துப் படி வழியாகவே ஏறினாள் என்று காவலாளி பிறகு சொன்னார். டிரைவர் நான்கு நாள் விடுப்பில் இருந்தான். ஒரு புதன்கிழமை காலை அலுவலகத்துக்குள் ஓடிவந்தான், கையில் இனிப்புப் பெட்டி.

"பொண்ணுக்கா! முந்தாநாள் மத்தியானம். மூக்கு அப்படியே என்னை மாதிரி, பாவம்!"

"நல்லா இருக்கட்டும்ப்பா. எந்த ஆஸ்பத்திரி?"

"ஏழாம் நம்பர்தான். வீட்டுப் பக்கத்துல நாலாம் நம்பர் இருக்கு, அங்கயே போலாம்னுதான் அவ சொன்னா. நான்தான் பிடிவாதமா வேண்டாம்னேன். எட்டு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை, ஏதோ ஒண்ணுல சேர்க்க முடியுமா? செவுத்துல உங்க கையெழுத்தே இருக்கேக்கா, அதுக்கு மேல என்ன வேணும்?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "குழந்தை எப்படி இருக்கு? பால் குடிக்குதா?"

"நேத்து நல்லாக் குடிச்சுது. இன்னைக்குக் காலையில இருந்து கொஞ்சம் சுணங்குது, உடம்பு லேசா சூடா இருக்கு. ஒண்ணுமில்லைனு நர்ஸம்மா சொன்னாங்க. ஏன்க்கா?"

ஏன் என்று அவள் சொல்லவில்லை. "நீ உடனே அங்க போ" என்றாள். அவன் போனதும் ஒரு வெள்ளைத்தாளை உருவி, அந்தப் பழைய முதல் வரியை எழுதினாள். பெரிய டாக்டரின் அறைக்கு முன்னால் உதவியாளர் "நேரம் வாங்கியிருக்கீங்களா?" என்று எழுவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தாளை மேசையில் வைத்தாள். முப்பது வருடத்தில் அவள் யார் அறைக்குள்ளும் அப்படிப் போனதில்லை.

பெரிய டாக்டர் படித்தார். ஒரு வரிதானே, படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? "எப்படித் தெரியும்?"

"மருந்து நோட்டு மேடம். இருபது குப்பி போன இடத்துல நூத்து முப்பத்தெட்டு."

பெரிய டாக்டருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. போனை எடுத்தார். யாருடைய மனமும் நோகாமல் பேச வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை. ஏழாம் நம்பரில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, குழந்தைகள் வார்டைக் காலி செய்யணும், உள்ளே இருக்கிற ஒன்பது குழந்தைகளும் ஒரு மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். மூன்று போன். பூதக்கண்ணாடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

போனை வைத்துவிட்டுக் கேட்டார். "இது எப்பத்துல இருந்து உங்களுக்குத் தெரியும்?"

"மூணு மாசமா மேடம்."

பெரிய டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். "அன்னைக்கு நான் கேட்டேனே" என்றார். "உங்க முகத்தைப் பார்த்துத்தானே கேட்டேன்."

அவளுக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. பதிவேட்டு அறைக்கு மாற்றலும் இல்லை. மாற்றவும் முடியாது, அந்த அறையைக் காலி செய்து, சுவரை இடித்து, ஊழியர்களின் ஸ்கூட்டர் நிறுத்துமிடமாக ஆக்கி இரண்டு வருடம் ஆகியிருந்ததாம். ஊரில் உள்ள நோட்டையெல்லாம் ஒன்றுக்கு மூன்றாகப் பார்த்தவள், தான் பயந்து நடுங்கிய அறை இன்னும் இருக்கிறதா என்று ஒரு தடவை படி இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை. பஞ்சு தன் பங்குக்கு, இனி எல்லா அறிக்கையிலும் மிக முக்கியமான முடிவு முதல் பக்கத்தில் ஒரே வரியில் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை தயார் செய்தார். அது நான்கு பக்கம் வந்தது.

ஒன்பது குழந்தைகளில் எட்டு பிழைத்தன. டிரைவரின் மகள் ஆறாம் நாள் விடியும்போது போய்விட்டாள். பெயர்கூட வைக்கவில்லை.

அவள் திரும்ப ஏழாம் நம்பருக்குப் போய்ப் பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்தாள். யாரும் அனுப்பவில்லை, தானாகப் போனாள். கூட்டம் நடந்த நாளுக்கும் வார்டை மூடிய நாளுக்கும் நடுவில் கிருமி ஏறி இறந்த குழந்தைகளை ஸ்கேல் வைத்து எண்ணினாள். நான்கு. டிரைவரின் மகளோடு ஐந்து. இரண்டு தடவை எண்ணினாள், மூன்றாம் தடவை எண்ணக் கண் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து டிரைவர் வேலைக்கு வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும், "உங்களாலதான்க்கா அன்னைக்கு எல்லாக் குழந்தையையும் மாத்தினாங்களாம். எங்களுக்குக் கொடுத்து வைக்கலை" என்றான். அவளால் அதைக் கேட்க முடியவில்லை. வேன் கிளம்பி முதல் திருப்பம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். சொல்லிவிட்டாள். மருந்து நோட்டு, பஞ்சு, கூட்டம், பெரிய டாக்டர் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அவன் பக்கம் திரும்பாமல் கண்ணாடிக்கு வெளியே ஓடிய பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு கேட்டான்.

"சிட்டுப் பாப்பாவை எங்க சேர்த்தீங்க?"

"நாலாம் நம்பர்."

"எங்க வீட்டுப் பக்கத்துல இருக்கே, அதுவா?"

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். கோபப்படுவான், இறங்கிப் போய்விடுவான், இரண்டு வார்த்தை சுடச்சுடக் கேட்பான் என்று காத்திருந்தாள். அதற்குத்தான் வந்திருந்தாள் என்றும் சொல்லலாம். அவன் வண்டியைத் திருப்பினான்.

"வீட்டுக்கு வாங்க. அவகிட்ட நீங்களே சொல்லணும்."

"என்னத்தைச் சொல்றது?"

"ஒரு நர்ஸ் போற போக்குல சொல்லிட்டுப் போயிருக்கா, அம்மா கை சுத்தமா இல்லைன்னா இப்படித்தான் வரும்னு. இவ தன் கையாலதான் பிள்ளைக்கு ஒட்டிச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. சாப்பிட மாட்டேங்கறா. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பா. நீங்க சொன்னா நம்புவா. நீங்க எண்ணிப் பார்த்துத்தானே சொல்லுவீங்க."

மூன்றாம் மாடியில் இரண்டே அறை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மடித்து வைத்த சின்னச் சின்னத் துணிகள். டிரைவரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் தோல் வெடித்து, மணிக்கட்டு வரை சிவந்து கிடந்தது. பூதக்கண்ணாடி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். எப்படி எண்ணினோம் என்று ஆரம்பிக்கவில்லை.

"உன் கையால வரலைம்மா. அந்த ஆஸ்பத்திரியில நோய் இருந்துது. பத்துப் பதினோரு மாசமா இருந்துது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா?"

"நெசம். உன் பிள்ளை பொறக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும். நான்தான் சொல்லாம விட்டுட்டேன். தெரிஞ்சும் சொல்லலை."

அந்தப் பெண் இதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "நல்லா எண்ணிப் பார்த்தீங்களா?" என்றாள்.

"ரெண்டு தடவை எண்ணினேன்."

"அப்ப என் கை இல்லையா?"

"இல்லைம்மா."

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள், உள்ளங்கை, புறங்கை. பிறகு வாசலில் நின்ற புருஷனிடம், "கேட்டீங்களா? நான் இல்லையாம். நான் இல்லையாம்ங்க" என்று சொல்லி, மூன்று வாரமாக அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். அவன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான் சொல்லியிருந்தா உன் பிள்ளை இருந்திருக்கும்மா" என்று பூதக்கண்ணாடி இன்னொரு முறை சொன்னாள். இப்போது சொல்லத் தொண்டை அடைக்கவில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்ல முடிந்தது. அந்தப் பெண் வெடித்த கைகளால் அவள் கைகள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே அக்கா" என்றாள். "நீங்க நல்லா இருக்கணும்."